மேல்நதியில் பேசாமல் வந்தவன்

“வீடியோ கேம் விளையாடுவீங்களா?” என்று டாக்டர் மைமூனா கேட்டபோது, காதில் சரியாக விழவில்லையோ என்று கிளமென்ட் நினைத்தான். மனைவியின் மூளைக்குள் புதிய செல்களைச் செலுத்திவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார் டாக்டர். அந்த நேரத்தில் அவரிடம் அவன் எதிர்பார்த்த கேள்வி வேறு.

பழக்கமில்லை என்றான். ரெஜினாதான் ஆடுவாள். சின்ன வயதிலிருந்தே தம்பி பிரிட்டோவும் அவளுமாக மந்திரவாதி, டிராகன், மாயக்கோட்டை என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி வேலைக்குச் சென்னைக்குப் போன பிறகும், இவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும், அது நிற்கவில்லை.

“அப்ப பாதிக் கவலை விட்டுச்சு,” என்றார் டாக்டர்.

ரெஜினா தூத்துக்குடித் துறைமுகத்தில் பைலட். வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பலுக்குச் சின்னப் படகில் போய், கயிற்றேணியில் தொற்றி ஏறி, அந்த இரும்பு மலையைக் குறுகிய வாய்க்கால் வழியாக உள்ளே கூட்டிவந்து கட்டுகிற வேலை. எந்த நாட்டுக் கேப்டனாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அவள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கப்பலின் பின்புறம் இழுபடுவது கருவியில் தெரிவதற்கு முன்பே தன் உள்ளங்காலில் தெரிந்துவிடும் என்பாள். கிளமென்ட் மீனவர்களுக்கான உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளன். காற்று, அலை, மழை என்று காலையும் மாலையும் வாசிப்பான். நடுவே பேசிக்கொண்டே இருப்பான். ஒருநாள் காற்றின் திசையை மாற்றி வாசித்துவிட்டதற்காக நிலையத்துக்கு போன் செய்து அவனைத் திட்டிய பெண்ணைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டான். அந்தத் திட்டு முடியாமல் பேச்சாக நீண்டுகொண்டே வந்ததுதான் தங்கள் குடும்ப வாழ்க்கை என்று நண்பர்களிடம் சொல்வான்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் மூன்று விஷயங்கள் போய்விட்டன. பேச்சு வரவில்லை, பிறர் பேசுவதும் அவளுக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. எழுந்து நின்றால் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. திசை என்பதே இல்லாமல் போனது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகத் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆட்களை மட்டும் அடையாளம் தெரிந்தது. கிளமென்ட்டைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதுரையில் டாக்டர் மைமூனாவின் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே கொண்டுவந்தார்கள்.

“இந்தச் செல்லெல்லாம் நாத்து மாதிரி,” என்று டாக்டர் விளக்கினார். “எங்க வேலை நடக்குதோ அந்தப் பக்கமா நகர்ந்து போய் வேர் விடும். மழை முடியறதுக்குள்ள வேர் பிடிச்சிடும். பிடிச்சா பிடிச்சதுதான், அப்புறம் பிடுங்கி நட முடியாது. அவங்களுக்கு மூணு இடத்துல சேதம். நாம போட்டிருக்கிறது மூணுக்கும் காணாது.”

வேலை கொடுப்பதற்காகத்தான் அந்த ஆட்டம். ‘மேல்நதி’ என்று பெயர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் வேறொரு உலகம். அதில் நோயாளி ஒரு பயணி. ஒவ்வொரு சோதனையைத் தாண்டும்போதும் ஒரு சுடர் கிடைக்கும். பயணியிடம் மூன்று விளக்குகள் உண்டு: சொல், வழி, வாள். சுடரை எந்த விளக்கில் ஏற்றினாலும் அந்தத் திறமை கூடும். அடுத்து வரும் சோதனைகளும் அதையே அதிகம் கேட்கும். மூளையின் அந்தப் பகுதிக்கு வேலை கூடும். செல்கள் அங்கே போகும். வாள் என்பது உடம்பின் சமநிலை. மற்ற இரண்டும் பெயரிலேயே தெரிந்தன.

எதில் ஏற்ற வேண்டும் என்று யார் முடிவு செய்வது என்று கிளமென்ட் கேட்டான்.

முதலில் டாக்டர்கள்தான் முடிவு செய்தார்களாம். ஒரு தவில்காரருக்குப் பேச்சை மீட்டுக் கொடுத்தார்கள். பேச்சு வந்ததும் அவர் கேட்டது, கையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று. அதன் பிறகு டாக்டர் அந்த உரிமையை யாருக்கும் தருவதில்லை; ஆடுகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் துணைக்குப் போகலாம், தனியாக விட்டால் பயந்துவிடுகிறார்கள் என்பதால். ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவர் சுட்டிக்காட்டக் கூடாது.

அப்படித்தான் கிளமென்ட் மேல்நதிக்குள் போனான்.

முதல்முறை கண்ணைத் திறந்தபோது அவனுக்கு மூச்சு நின்றது. தலைக்கு மேலே, வானத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை, ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. சூரிய ஒளி அதன் நீரைத் துளைத்துக் கீழே விழுந்தது. அவன் நின்றிருந்த வயல்வெளி முழுவதும் மீன்களின் நிழல்கள் நீந்திப்போயின. ஒன்று அவன் நெஞ்சின் மேல் ஏறி இறங்கிப் போனது. நிலத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே தீவுகள் அந்தரத்தில் மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ரெஜினா நின்றிருந்தாள். காய்ச்சலுக்கு முந்திய ரெஜினா. அவளும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது.

துணைக்குப் போகிறவனுக்கும் மூன்று விளக்குகள் இருந்தன. அவனுக்குக் கிடைத்த சுடர்களை யோசிக்காமல் சொல்லில் ஏற்றினான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த உலகத்தில் பேச்சுக்குப் பெரிய மரியாதை இருந்தது. கணவாய்களை மறித்துக்கொண்டு குன்று உயரத்துக்குக் கல் மனிதர்கள் நிற்பார்கள். அவன் நிமிர்ந்து அவர்களிடம் பேசுவான். எங்கிருந்து வருகிறோம், எதற்கு வருகிறோம், வழியில் என்ன பார்த்தோம் என்று வானொலியில் பேசுவது போலவே பேசுவான். அவர்கள் கற்கள் உரச மண்டியிட்டு வழிவிடுவார்கள். அவன் சொல்வது ரெஜினாவுக்குப் புரியாது. ஆனால் அந்தக் கல் முழங்கால்கள் மடங்குவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள்.

அவள் முதல் சில சுடர்களை வாளில் ஏற்றினாள். வெளியே, மருத்துவமனையில், சாயாமல் நிற்க ஆரம்பித்தாள்; பிறகு நடந்தாள். அதோடு வாளை விட்டுவிட்டாள். அடுத்து வந்த சுடர்களையெல்லாம் வழியில் ஏற்றினாள்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்கத் திரைக்கு முன்னால் நர்ஸ்கள்கூட வந்து நின்றார்கள். தீவுகளுக்கு நடுவே போக அவளுக்கு ஒரு பறக்கும் படகு கிடைத்தது. பனி மூடிய இடம் ஒன்று இருந்தது. அங்கே தீவுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நகரும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதுவரை ஆடிய எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போயிருந்தார்கள். ரெஜினா செருப்பைக் கழற்றினாள். வெறும் காலைப் படகின் பலகையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். படகு பனிக்குள் நுழைந்தது. இருபுறமும் பாறைகள் கையெட்டும் தூரத்தில் இடித்துப் பொடிந்தன. அவள் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. மறுபுறம் வெளிச்சத்துக்குள் வந்தபோது மேல்நதியின் அடிப்பக்கம் அவர்கள் தலையைத் தொடுவது போல் நெருங்கியிருந்தது. ஒரு பெரிய மீன் நின்று அவர்களைப் பார்த்துவிட்டுப் போனது.

டாக்டர் அவளுடைய மூளைப் படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் முழுவதும் பொன்னிறப் புள்ளிகள் அடர்ந்திருந்தன. இந்த வேகத்தில் போனால், கை காட்டுவதை வாயால் சொல்ல ஒருவர் கூட இருந்தால், ரெஜினா திரும்பவும் கப்பல் ஓட்டலாம், அப்படி நடந்தால் உலகத்திலேயே இது முதல் தடவை என்றார். கிளமென்ட் சொல்லுக்கான பகுதியைப் பார்த்தான். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

அந்த வார இறுதியில் பிரிட்டோ சென்னையிலிருந்து வந்தான். அக்கா ஆடிய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து பார்த்தான். ஏன் அவள் பேச்சைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று கிளமென்ட் அவனைக் கேட்டான்.

“மச்சான், அக்கா சரியாத்தான் ஆடுறா,” என்றான் பிரிட்டோ. “ரெண்டு பேர் சேர்ந்து ஆடுறப்ப ஒருத்தர்ட்ட இருக்கிற திறமைய இன்னொருத்தர் வாங்க மாட்டாங்க. அது வீண். கூட வர்றவர்ட்ட எது இல்லையோ அதத்தான் எடுக்கணும். சின்னப் புள்ளைலேருந்து நாங்க அப்படித்தான் ஆடுவோம். உங்கள்ட்ட பேச்சு இருக்கு. அதனால அவ பேச்ச உங்கள்ட்ட விட்டுட்டா.”

கிளமென்ட் மருத்துவமனைக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றான். அவள் வேண்டாம் என்று ஒதுக்கியது பேச்சை இல்லை. அவன் இருக்கிறான் என்று நம்பி விட்டுவிட்டாள். ஆனால் ரேடியோ பெட்டி போல அவன் ஒருவன் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வீட்டை, கடலுக்குப் போய்வந்து மௌனமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் ரெஜினாவை, அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடல்தான் வேண்டும் என்று அவள் சொல்வாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த உலகத்தில் ஒரு கிணறு உண்டு. மறுகிணறு என்பார்கள். தவறாக ஏற்றிவிட்ட சுடர்களை அதில் கவிழ்க்கலாம். ஆடுகிறவர் கவிழ்த்தால் அவை திரும்பக் கிடைக்கும், வேறு விளக்கில் ஏற்றிக்கொள்ளலாம். அதுவும் ஒரே ஒருமுறை. துணைக்கு வந்தவர் கவிழ்த்தால் போனது போனதுதான். தன் சுடர்களைக் கொட்டிவிடலாமா என்று அவன் டாக்டரைக் கேட்டான்.

“அதுவும் அவங்களுக்குப் பதிலா நீங்க தேர்ந்தெடுக்கிற மாதிரிதான்,” என்றார் டாக்டர். “ஆனா விளக்கு உங்களுடையது. நான் தடுக்க முடியாது.”

ரெஜினா தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் அவன் தனியாக உள்ளே போனான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் இல்லை. வெகு ஆழத்தில் நட்சத்திரங்கள் தெரிந்தன. சொல் விளக்கைக் கவிழ்த்தான். சுடர்கள் விழுந்துகொண்டே போவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசிச் சுடர் மறைந்த பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

வெளியிலும் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவள் கட்டிலருகே குரல் கேட்டால் உள்ளே நடிப்பதாக அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். நர்ஸ்களிடம் சைகை காட்டினான். டாக்டரிடம் பேச வேண்டுமானால் படியிறங்கித் தெருவுக்குப் போனான்.

அடுத்த கணவாயில் கல் மனிதன் நின்றான். ரெஜினா கிளமென்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினாள். அவன் வாயைத் திறந்து மூடினான். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. கிட்டே வந்து அவன் தொண்டையில் விரல்களை வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

இனி அவள் சொல்லில் ஏற்றுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ படகைத் திருப்பினாள்.

கிளமென்ட்டுக்கு முதலில் புரியவில்லை. போக வேண்டிய திசையை விட்டுவிட்டு அவள் எங்கெங்கோ போனாள். வெந்நீர் ஊற்றுகள் உள்ள தீவில் இறங்கி, அந்த நீரை உள்ளங்கையில் ஏந்தி அவனுக்குக் குடிக்கக் கொடுத்தாள். நீலப் பூக்கள் பூக்கும் ஒரு மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன் தேனை அவன் தொண்டையில் தடவினாள். ஒவ்வொரு முறையும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் போகாத இடங்களுக்கெல்லாம் அந்தப் பனிக்குள்ளும் புயலுக்குள்ளும் படகை ஓட்டிப் போனாள். அவனுக்கு மருந்து தேடுகிறாள் என்பது தெரிந்தபோது அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உள்ளே கத்த முடியாது. வெளியே கத்தினால் அவளுக்கு அது வெறும் சத்தம். தன்னை ஏமாற்றினான் என்பது மட்டும்தான் புரியும், ஏன் என்பது புரியாது.

நாள் நெருங்குகிறது, அவங்க முன்னால போகவே இல்லையே என்று டாக்டர் கவலைப்பட்டார்.

கடைசியில் அவள் மறுகிணற்றுக்கு வந்து சேர்ந்தாள். அதன் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்தாள். காலியாக இருந்த அவன் விளக்கைப் பார்த்தாள். பிறகு நிறைந்து எரிந்துகொண்டிருந்த தன் வழி விளக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கிளமென்ட் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். துணைக்கு வந்தவனின் கைக்கு அங்கே பலமில்லை. அவள் அவன் கன்னத்தில் தட்டிவிட்டு விளக்கைக் கவிழ்த்தாள்.

சுடர்கள் விழுந்தன. பிறகு ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே எழும்பி வந்தன. அவள் ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் சொல்லில் ஏற்றினாள்.

வெளியே மூளைப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த டாக்டர் மைமூனா தன்னையறியாமல் எழுந்து நின்றார். அடுத்த சில நாட்களில் நடந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னும் வேர் பிடிக்காமல் இருந்த பொன்னிறப் புள்ளிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பின. சாயங்காலம் கூட்டம் கூட்டமாக மரம் மாறும் பறவைகளைப் போல, இருண்ட இடத்தைக் கடந்து மறுபக்கம் போய் இறங்கின. எல்லாம் ஒரு மனுஷியின் முடிவால் நகர்ந்தன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வழியின் பக்கம் இருண்டு போனது.

மழை விட்ட ஒரு காலையில் ரெஜினா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிளமென்ட் அவளுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தான். அவள் அதை வாங்காமல் அவன் கழுத்தைத் தொட்டாள். உதடுகள் கொஞ்ச நேரம் தடுமாறின.

“உனக்கு… தொண்டைல… என்ன ஆச்சு?”

அவள் மீண்டும் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அவன் எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தான்.

“ஒண்ணும் ஆகல, ரெஜி,” என்றான்.

அந்தக் குரல் துளியும் குறையில்லாமல் கணீரென்று வந்தது. அவள் கை அவன் கழுத்தில் அப்படியே நின்றது. அவன் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். பிரிட்டோ சொன்னது, வேப்பமரம், கிணறு. அவளுக்கு இப்போது வார்த்தைகள் புரிந்தன. முடியும்வரை கேட்டாள்.

அந்தச் சுடரெல்லாம் என்ன என்று தனக்கு முன்பே தெரியும் என்றாள். வழியில் ஏற்றிய அடுத்த நாளே குளியலறைக்குத் தானாகப் போக முடிந்ததாம், அப்போதே புரிந்துவிட்டதாம். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

“கடல் போவும்னு தெரிஞ்சுதான் கவுத்தேன்,” என்றாள். “உனக்குன்னு யாராவது பேசணும்ல.”

பிறகு கையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

ஊருக்குத் திரும்பினார்கள். பைலட் வேலை போனது. டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார்கள். செல்கள் வேர் பிடித்துவிட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ரெஜினா பிரிட்டோவிடம் போனில் நிறையப் பேசினாள். அக்கம்பக்கத்தில் பேசினாள். கிளமென்ட்டிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அவன் அதைத் தாங்கிக்கொண்டான். வானொலிக்குப் போகும் நேரம் தவிர அவள் கூடவே இருந்தான். வீட்டு வாசலைத் தாண்டினால் அவளுக்கு இடது எது வலது எது என்று தெரியாது.

தை பிறந்த பிறகு ஒருநாள் மாலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் எழுந்து கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. கடலைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அவன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனான்.

தெருமுனையில் நின்றாள். இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கடலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்ன பக்கம் திரும்பி நடந்தாள். அடுத்த முனையில் ஆட்டோக்காரர். அதற்கடுத்து மக்ரூன் மிட்டாய்க் கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர். வழி சொன்னவர்களிடம் வியாபாரம் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று இரண்டு வார்த்தை பேசினாள். பேசிக்கொண்டே சிலர் அடுத்த முனை வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போனார்கள். மறுநாளும் கிளம்பினாள். அதற்கு மறுநாளும். எந்த வழியும் அவள் மனதில் தங்கவில்லை.

“ஏம்மா, நேத்தும் இதத்தான கேட்டீங்க?” என்றார் ஆட்டோக்காரர்.

“நாளைக்கும் கேப்பேன்,” என்றாள் ரெஜினா.

கிளமென்ட் பின்னால் நடந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். கண்ணை மூடிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே படகு ஓட்டியவளை அவன் பார்த்திருக்கிறான். இப்போது ஒரு ஊரே கை நீட்டி வழிகாட்ட, திசையே தெரியாத ஒருத்தி ஒவ்வொரு வார்த்தையாகக் கடலை நோக்கி நகர்வதைப் பார்க்கும்போதும் அவனுக்கு அதே போல்தான் மூச்சு நின்றது.

கடற்கரையில் அவள் மதில்மேல் உட்கார்ந்தாள். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதை யார் ஓட்டி வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ, இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கிளமென்ட் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

விளக்குகள் எரியத் தொடங்கியதும் அவள் இறங்கினாள். சுண்டல் விற்பவர் பக்கத்திலேயே இருந்தார். நடைக்கு வந்தவர்கள் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. திரும்பி நேராக அவனிடம் வந்தாள்.

“நம்ம வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

அவன் சொன்னான்.